கூலி என்பது காசா, ஆளா?

எர்ணாகுளம் பிராட்வேக்குப் பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்ச்சி உள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பெயரோ அகலப் பாதை. சாயங்கால வேளையில் இரண்டு கைவண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால், நடுவில் அகப்பட்டவர் கடைப்படியில் ஏறி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. சென்னையிலிருந்து இங்கே உத்தியோகத்துக்கு வந்தவர்களுக்கு இந்தப் பெயர் ஊர் ஞாபகத்தைக் கொண்டு வரும். அங்கே பாப்பம் என்ற வெள்ளைக்கார வக்கீலின் பெயரால் வழங்கிய பிராட்வே, பிரகாசம் சாலை என்று மாறிப் பல காலம் ஆகியும், பஸ்ஸுக்கு நிற்பவர் வாயில் இன்னும் பிராட்வேதான். நியூயார்க் நகரத்துப் பிராட்வேயோ, டச்சுக்காரர் தம் மொழியில் வைத்த பெயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. கப்பலில் சரக்கு மட்டும் போய் வரவில்லை. சொற்களும் போய் வந்திருக்கின்றன.

அப்படிப் போய் வந்த ஒரு சொல்லைப் பற்றிப் போன சனிக்கிழமை இந்தப் பிராட்வேயில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது.

ஜவுளிக்கடை ஒன்றில் கலியாணத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் போலிருக்கிறது, பேச்செல்லாம் ஆங்கிலம். மூட்டைகளைக் காரில் சேர்ப்பது கடையின் பொறுப்பு என்று பேச்சு. வாசலில் கைவண்டியோடு நின்றவரைப் பார்த்து அந்தக் குடும்பத்துப் பிள்ளையாண்டான் கையைத் தட்டி, “ஏ கூலி! கூலி!” என்று கூப்பிட்டான். கைவண்டிக்காரர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். திரும்பிப் பார்த்தார், ஆனால் அசையவில்லை.

“கூலின்னு எனக்குப் பேரு வைக்கல தம்பி” என்றார்.

கல்லாவில் இருந்த குமாஸ்தாவும் நம் ஊர்க்காரர், தென்காசி. அவர் சமாதானமாக எழுந்து வந்து மூட்டைகளைக் காட்டினார். கைவண்டிக்காரர் குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார்: “அண்ணாச்சி, கூலி எவ்வளவு போடுவீங்க?”

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்பதான அந்தப் பையன் கூலின்னு சொன்னதுக்குக் கோவிச்சீரு?”

“அண்ணாச்சி, கூலின்னா துட்டு. அது நான் வாங்கறது. நான் அது இல்லல்லா?”

அகராதி எழுதியவர்கள் நூற்றைம்பது வருஷங்களாக முட்டி மோதிக்கொண்டிருக்கிற சங்கதியை அந்த மனிதர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீட்டுக் கூலி

தமிழில் கூலி என்றால் உழைப்புக்கு உரிய பணம், அல்லது நெல். ஆளைச் சொல்ல வேண்டுமானால் கூலிக்காரன், கூலியாள் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். வண்டிக்கூலி, ஏற்றுகூலி, இறக்குகூலி, தையற்கூலி, நாற்று நடவுக்கு நெற்கூலி என்று எதை எடுத்தாலும் காசைத்தான் குறிக்கும். நகைக்கடைக்குப் போனால் செய்கூலி, சேதாரம் என்று பில்லில் ஏறுகிறதே, அங்கேயும் அதே பொருள்தான். தங்கம் வாங்கப் போகிற சீமாட்டி செய்கூலியைப் பற்றிப் பேரம் பேசுவாரே தவிர, அந்தச் சொல்லால் தமக்கு இழிவு வந்துவிட்டதாக நினைப்பதில்லை.

வள்ளுவரே இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 619ஆம் குறள். தெய்வம் கைவிட்ட காரியத்தில்கூட, உடம்பு வருந்த உழைத்ததற்கு உரிய பலன் கிடைத்தே தீரும் என்பது அதன் கருத்து. அந்தப் பலனுக்கு அவர் தேர்ந்தெடுத்த சொல் கூலி. பரிசு என்றோ வரம் என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரும் மனம் இரங்கிக் கொடுப்பதல்ல. கொடுத்தே ஆக வேண்டியது என்கிற கண்டிப்பு இந்தச் சொல்லில் இருக்கிறது.

மலையாளத்திலும் அப்படியே. பிராட்வேயில் நகைக்கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்திருப்பார்கள்: நம் செய்கூலி அங்கே பணிக்கூலி. பஸ் கட்டணத்தை மலையாளிகள் வண்டிக்கூலி என்பார்கள். இங்கே புதிதாக வந்து சேர்ந்த ஒரு தமிழ்நாட்டு வங்கி ஊழியர், ஆபீஸ் சிநேகிதர் ‘வண்டிக்கூலி இல்லை’ என்று சொன்னதைக் கேட்டு, ஏதோ மூட்டை வந்து இறங்கியிருக்கிறதாக்கும் என்று வாசலை எட்டிப் பார்த்த கதை உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் கூட இந்தச் சொல் உண்டு. ஆக, தென்னாட்டு மொழிகள் நான்கிலும் வழங்குகிற பழைய சொத்து இது.

நம்மவர்களும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் கெடுத்திருக்கிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனம் ஒட்டாமல் செய்கிற வேலையைக் கூலிக்கு மாரடிப்பது என்கிறோம். அடியாட்கள் கும்பலுக்குக் கூலிப்படை என்று பெயர். மாதம் பிறந்தால் வாங்குவது சம்பளம், நாள் முடிந்தால் வாங்குவது கூலி என்று ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் குமாஸ்தாவாகிய நாம் கொஞ்சம் தாழ்வாகப் பார்க்கிற வழக்கமும் உண்டு. சம்பளம் என்பதே சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் சேர்த்த சொல் என்று தமிழறிஞர் சிலர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சாலரி என்ற சொல்லுக்கும் லத்தீன் மொழியின் உப்பில்தான் வேர். இரண்டு பேரும் வாங்குவது உலைக்கும் உப்புக்கும்தான். ஒருவர் முப்பது நாள் பொறுத்து வாங்குகிறார், அவ்வளவுதான். இருந்தாலும் சுத்தத் தமிழில் கூலி என்று ஒரு மனிதனை யாரும் கூப்பிட்டதில்லை. அது வெளியில் போய் வந்த பிறகு பிடித்த வியாதி.

தஞ்சாவூர் ஜட்ஜ் சொன்ன தீர்ப்பு

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் எங்கிருந்து போயிற்று? தமிழிலிருந்துதான், இதில் என்ன சந்தேகம் என்று நாம் கேட்போம். சந்தேகம் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் திரட்டி 1886-ல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ என்ற அகராதி பேர்பெற்றது. எழுதியவர்கள் இருவர். யூல் என்பவர் ராணுவ இஞ்சினீயர். மற்றவர் பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து, அரண்மனை நூல் நிலையத்தில் உள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் பட்டியல் தயாரித்தவர். தஞ்சாவூர்த் தண்ணீர் குடித்த அவர் சேர்ந்து எழுதிய அகராதி, தமிழுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை! மேற்குக் கரையில், குஜராத் பக்கம் கோலி என்று ஒரு ஜனக்கூட்டம். சுமை தூக்குவது முதலான வேலைகளுக்கு அவர்கள் வெகு காலமாக வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குலத்தின் பெயரே வேலைக்காரனுக்குப் பெயராகிவிட்டது என்பது அகராதியின் சாய்வு.

கோலி என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத பெயர் என்று எண்ண வேண்டாம். பம்பாய்க்குப் பிழைக்கப் போன உறவினர் உள்ளவர்கள் சயான் கோலிவாடா என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். தமிழர்கள் ஏராளமாக வாழும் இடம். அது கோலி மீனவர்களின் பேட்டையாக இருந்ததால் வந்த பெயர். தாராவியிலும் ஆதியில் இருந்தது அவர்களுடைய குடியிருப்புத்தான். கோலிகளின் மண்ணில் நம் கூலிக்காரர்கள் போய்க் குடியேறியது சரித்திரத்தின் விளையாட்டு.

இதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1855-ல் நீதி, வருவாய்த் துறைச் சொற்களுக்கு அகராதி எழுதிய வில்ஸன் என்ற சமஸ்கிருத பண்டிதர், தமிழ்க் கூலிதான் மூலம் என்று முன்பே எழுதிவிட்டார். பின்னால் சென்னை ராஜதானிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆப்பர்ட் என்ற ஜெர்மானியரும் தமிழ்ப் பக்கம் நின்றார். கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் வைத்திருந்த பண்டகசாலைகளில், கூலிக்கு வந்த ஆட்களைக் குறிக்கப் பிறந்த பெயர் இது என்பது அவர் வாதம். இன்னும் சிலர் துருக்கிக்கே போய்விட்டார்கள். துருக்கி மொழியில் குல் என்றால் அடிமை, ஊழியன். ஹைதராபாத்தை நிர்மாணித்த முகம்மது குலி குதுப் ஷாவின் பெயரில் உள்ள குலி அதுதான். வைரச் சுரங்கத்துக்குச் சொந்தக்காரரான ஒரு சுல்தானின் பெயருக்குள்ளேயே ஓர் ஊழியன் இருக்கிறான்.

இத்தனை பேர் சொன்னதையும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: இரண்டு ஆறுகள் கலந்திருக்கின்றன. மேற்குக் கரையில் போர்ச்சுகீசியர் காதில் கோலி விழுந்தது; அது ஆளின் பெயர். கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் காதில் கூலி விழுந்தது. அது காசின் பெயர். ஓசை ஏறக்குறைய ஒன்று, வேலை ஒன்று. இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒட்டியபோது மேற்குக் கரையின் பொருளும் கிழக்குக் கரையின் உருவமும் நிலைத்துவிட்டன. உலகத்துச் சொல்லெல்லாம் தமிழ் என்று மார் தட்டுகிறவர்களுக்கு இந்த முடிவு ருசிக்காது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். மனிதனைக் கையைத் தட்டிக் கூப்பிடுகிற அந்தச் சொல் முழுக்க முழுக்க நம்முடையதுதான் என்று நிரூபித்து என்ன ஆகப் போகிறது? நம்முடையது உழைப்புக்கு விலை கேட்கிற சொல்.

பத்து ஷில்லிங்கும் மூன்று பவுனும்

ஒட்டிய சொல் கப்பல் ஏறியது. அடிமை வியாபாரத்தை ஒழித்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தத் தொழிலாளிகள் போனார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் அந்தத் தீவில் போய் இறங்கினார்கள். போர்ட் லூயி துறைமுகத்தில் அவர்கள் ஏறிய கல் படிகளுக்குக் கூலி காட் என்றுதான் வெகு நாள் பெயர். இன்று அது ஆப்ரவாசி காட். 2006-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

சீனத்திலும் இதே சொல் புகுந்தது. அங்கே எழுத்துக்கு எழுத்து பொருள் உண்டாகையால், ஓசைக்குப் பொருந்த இரண்டு எழுத்துகளைத் தேடினார்கள். ‘கு’ என்றால் கசப்பு. ‘லி’ என்றால் பலம். கசந்த பலம்! ஓசைக்காகத் தேர்ந்தெடுத்த எழுத்துகள்தான். ஆனாலும் இதைவிடப் பொருத்தமாக எந்த அகராதிக்காரரும் பொருள் எழுதியதில்லை.

நமக்கு நெருங்கிய கதை நேட்டாலில் நடந்தது. 1860ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, சாப்பாட்டுக்குத் தானியம் தனி. எஜமானனை விட்டு ஓடினால் அது சிவில் வழக்கு அல்ல, கிரிமினல் குற்றம்; சிறைக்குப் போக வேண்டியதுதான்.

பின்னால் வியாபாரிகள் போனார்கள், வாத்தியார்கள் போனார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர், கூலி. வியாபாரி, கூலி வியாபாரி. 1893-ல் ஒரு வாலிப பாரிஸ்டர் போய் இறங்கினார். அவர் கூலி பாரிஸ்டர். காந்திஜி தம் சுயசரிதையில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். அங்கே வெள்ளைக்காரர்கள் இந்தியரைக் கூப்பிட இன்னொரு சொல்லும் வைத்திருந்தார்கள்: சாமி. ராமசாமி, முனுசாமி என்று நம்மவர்கள் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டது அது. சாமி என்றால் எஜமானன் என்று அர்த்தம் ஆயிற்றே, நான் உமக்கு எஜமானனா என்று துணிந்து திருப்பிக் கேட்ட இந்தியர்களும் உண்டாம். ஒரு நாட்டு ஜனங்கள் முழுவதையும் இழிவுபடுத்த வெள்ளைக்காரன் கையில் இருந்த இரண்டு சொல்லுக்கும் தமிழ் முகம். ஒன்று தெய்வத்தின் பெயர். மற்றது உழைப்பின் விலை.

இழிசொல் வாயோடு நிற்கவில்லை, சட்டத்திலும் ஏறியது. டிரான்ஸ்வாலில் 1885-ல் வந்த மூன்றாம் சட்டம், ‘கூலிகள் எனப்படுவோர்’ என்று பெயர் சொல்லியே ஆசியாக்காரர்களின் குடியுரிமையை மறுத்தது.

1894-ல், காந்திஜி டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, ஒரு தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பாலசுந்தரம் என்று பெயர். கிழிந்த துணி, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயெல்லாம் ரத்தம், தலைத்துணி கையில். எஜமானன் அடித்த அடி. அவர் அழுதுகொண்டே சொன்னதைக் காந்திஜிக்கு எடுத்துச் சொன்னவர் ஆபீஸில் இருந்த ஒரு தமிழ்க் குமாஸ்தா. சரித்திரம் அந்தக் குமாஸ்தாவைப் பெயர் சொல்லிக் கொண்டாடவில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த அழுகைக்கு அர்த்தம் தெரிந்திருக்காது. வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வது ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு விதித்த வழக்கம். காந்திஜி முதலில் செய்த காரியம், அதைத் திரும்பத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னது. கட்டிக்கொள்ளும்போது பாலசுந்தரத்தின் முகத்தில் வந்த மலர்ச்சியைக் கண்டதாகப் பின்னால் எழுதினார். வழக்கு நடந்தது, அவரை வேறு எஜமானனிடம் மாற்றினார்கள். அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை.

ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக அங்கேயே தங்க நினைத்தவர் தலையில் வருஷத்துக்கு 3 பவுன் வரி விழுந்தது. 1895-ல் வந்த சட்டம். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் வாங்கியவனுக்கு ஆறு மாதக் கூலி! கூலி என்ற பெயரை அவன் தலையில் எழுதிவிட்டு, கூலி என்ற காசை அவன் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். 1913 அக்டோபரில் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலை நிறுத்தம் இந்த வரியை எதிர்த்துத்தான். அதை மூட்டி விட்டவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையாகிச் சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ல் காய்ச்சலில் இறந்தாள். அதே வருஷம் வரி எடுபட்டது. சொல் எடுபடவில்லை. தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரைப் பார்த்து அதைச் சொன்னால் இன்றும் பெரும் வசவு.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். கண்காணி என்ற நம் சொல் கங்காணியாகி ஆங்கில அகராதிக்குள் நுழைந்த இடம் அது. நம் ஜனங்களை வரிசையாக அடைத்த வீடுகளுக்கு ஆங்கிலத்தில் கூலி லைன் என்று பெயர். அந்த லைன்தான் லயம் ஆயிற்று. மூணாறு மலையில் இன்றும் லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டது அப்படிப்பட்ட லயங்களில்தான்.

மட்டாஞ்சேரி சாப்பா

டர்பன் வரை போய் வந்த நாம், பிராட்வேயிலிருந்து சிறிது நடந்து காயலைத் தாண்டினால் மட்டாஞ்சேரி. இன்று மிளகு வாசனைக்கும் யூதர் தெருவுக்கும் டூரிஸ்டுகள் போகிறார்கள். துறைமுகத் தொழிலாளிகளின் பழைய தலைமுறைக்கு ஞாபகம் வருவது வேறு: சாப்பா.

சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் பட்டினி. விடியற்காலையில் தொழிலாளிகள் கூட்டமாகக் காத்து நிற்க, மூப்பன் என்ற மேஸ்திரி அந்த வில்லைகளை எடுத்துக் கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவான். விழுந்து புரண்டு, மிதித்து, அடித்துக்கொண்டு எடுத்தவனுக்குக் கூலி. கோழிக்குத் தீனி வீசுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டானால் அது கோழிக்குச் சாதகமானதாகவே இருக்கும்.

இந்த முறை ஒழிய வேண்டும், வேலையை முறைப்படி பங்கிட வேண்டும் என்று போராட்டம் எழுந்தது. 1953 செப்டம்பர் 15-ல் மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளிகள் உயிர் துறந்தார்கள். கே.எம். சிதம்பரன் இதை ‘துறமுகம்’ என்று நாடகமாக எழுதினார். அதை வைத்து அதே பெயரில் எடுத்த மலையாளப் படம் 2023-ல் வெளிவந்தது. படம் பார்த்த நம்மவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “சார், வில்லையை வீசறப்ப அவன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை, கவனிச்சீங்களா?”

பார்த்து நின்ற கூலி

கேரளத்தில் சுமை தூக்குபவரைக் கூலி என்று இன்றைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும் சேதி! சுமட்டுத் தொழிலாளி என்று சொல்ல வேண்டும். 1978-ல் அவர்களுக்கென்றே சட்டம் வந்தது. பதிவு உண்டு, அட்டை உண்டு, நல நிதி உண்டு. மரியாதையை அவர்கள் சங்கம் வைத்து வாங்கினார்கள். யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஆனால் அதே கேரளத்தில் கூலி என்ற சொல்லுக்கு உலகத்திலேயே விசித்திரமான ஒரு வால் முளைத்தது. நோக்குகூலி. நோக்கு என்றால் பார்த்தல். வீட்டுக்காரர் தம் ஆட்களையோ இயந்திரத்தையோ வைத்துச் சரக்கை இறக்கிக்கொண்டால், அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி! இயந்திரம் வந்து பறித்த வேலைக்கு ஈடு என்று ஆரம்பத்தில் நியாயம் சொன்னவர்கள் உண்டு. அதில் துளி உண்மையும் இருக்கலாம். ஆனால் வீடு மாறுகிறவன் தன் கட்டிலைத் தானே தூக்கினாலும் பணம் என்ற நிலைமை வந்தபோது நியாயம் ஓடிப்போய்விட்டது. 2018 மே தினத்தன்று அரசாங்கம் அதை ஒழித்தது. அப்படியும் புகார்கள் வரவே, 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்தச் சொல்லே இனிக் கேரளத்தில் காதில் விழக் கூடாது என்று சொல்லிற்று. உடம்பு வருந்தியதற்குக் கூலி என்ற வள்ளுவர் கணக்கில் நோக்குகூலிக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

ரயில் நிலையத்துக் கதை வேறு மாதிரி. சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை. 1983-ல் இந்திப் படத்தில் அமிதாப் பச்சன், 2025-ல் தமிழ்ப் படத்தில் ரஜினிகாந்த் என்று கதாநாயகர்கள் ‘கூலி’யாக வந்தபோது கொட்டகையில் விசில் பறந்தது. ஆனால் 2016 ரயில்வே பட்ஜெட்டில் கூலி என்ற பெயர் வேண்டாம், சகாயக் என்று கூப்பிடுவோம் என்றார்கள். உதவி செய்பவர் என்று பொருள். நல்ல பெயர்தான். மாதச் சம்பளம், பென்ஷன் என்று அவர்கள் வெகு காலமாகக் கேட்டுவந்தது வேறு. பெயர் செலவில்லாதது, முதலில் கிடைத்தது.

பெயரை விட்டுக் காசைப் பிடித்தவர்கள் மூணாற்றுப் பெண்கள். 2015 செப்டம்பரில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, ஆண்கள் நடத்திய சங்கத் தலைவர்களையே கிட்டே அண்ட விடவில்லை. அப்போது தினக்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டார்கள். போனஸ் கிடைத்தது. கூலி, அடுத்த மாதப் பேச்சு வார்த்தையில் 301 ரூபாய் ஆயிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே நிறையத் தூரம். ஆனாலும் கேட்கிற வாய் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம்மில் வெகு காலமாக இங்கே இருப்பவர்களுக்குப் பாண்டி என்ற சொல் தெரியும். மதுரையை ஆண்ட அரச குலத்தின் பெயர், நம் சட்டை அழுக்கைப் பார்த்துச் சொல்லும் பெயராக இங்கே மாறியிருந்தது. கோலி என்ற குலப்பெயர் கூலியானதுபோல. வாத்துருத்தியில் குடியிருந்து கட்டட வேலைக்குப் போன பெரியவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவர்கள். இப்போது அந்த வேலைகளுக்கு அசாம், ஒடிசா, வங்காளம் என்று வடக்கிலிருந்து வருகிறார்கள். அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் அதிதி தொழிலாளிகள்; விருந்தாளிகள். (விருந்தாளியிடம் மாத வாடகை வாங்குகிற ஊர் எது என்று ஒரு நண்பர் கேட்டார்.) தெருவில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், பெங்காலி. ஒடிசாக்காரனும் பெங்காலி, பீகார்காரனும் பெங்காலி. கையைத் தட்டி “ஏ பெங்காலி!” என்று கூப்பிடுகிற குரல்களில் நம் ஊர் மேஸ்திரிகளின் குரலும் இருப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பிராட்வே கடைக்குத் திரும்புவோம். மூட்டைகள் காருக்குப் போய்ச் சேர்ந்தன. கைவண்டிக்காரர் வந்து கல்லா அருகே நின்றார். குமாஸ்தா வவுச்சர்ப் புத்தகத்தை எடுத்தார். பழைய கடைகளின் கணக்குகள் ஆங்கிலத்தில் எழுதுகிற வழக்கம். அவற்றில் இன்றைக்கும் ‘கூலி அண்டு கார்ட்டேஜ்’ என்று ஒரு தலைப்பு உண்டு. ஆட்களை எண்ணுகிற தலைப்பு அல்ல அது, தொகை எழுதுகிற தலைப்பு. எந்த அகராதியும் கவனிக்காத இந்த மூலையில், ஆங்கில எழுத்தில், நம் கூலி நம் அர்த்தத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

குமாஸ்தா அதன் நேரே 150 என்று எழுதிப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில் கைவண்டிக்காரர் தம் பெயரைத் தமிழில், இனிஷியலோடு, நிதானமாக எழுதினார்.